ஸ்டெல்லாவின் முன்பல்

போன மாதம் ஒரு மத்தியானம், நான் வேலை பார்த்த கிளினிக்கிலிருந்து ஹர்ஷிதா போன் செய்தாள். புதிதாகச் சேர்ந்திருக்கும் பல் டாக்டர், என்னை ஆன்ட்டி என்று கூப்பிடும் வயது.

"ஆன்ட்டி, ஈறு ஆபரேஷனுக்கு வளர்ச்சிக் காரணி இப்போ ரெடிமேடா வந்துடுச்சு. சின்ன சிரிஞ்ச்ல ஜெல் மாதிரி இருக்கு. பிரிட்ஜ்லேர்ந்து எடுத்து வெச்சா போதும். நீங்கெல்லாம் பேஷன்ட் ரத்தத்தையே எடுத்து மெஷின்ல சுத்திச் செஞ்சீங்களாமே, அது எப்படி இருந்துச்சு?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். சிரிப்புதான் வந்தது. அடக்கப் பார்த்தால் இன்னும் அதிகமாக வந்தது. அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியவில்லை.

"ஆன்ட்டி, லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்மா. எழுதி அனுப்புறேன். வாயால சொன்னா முடிக்க மாட்டேன்" என்று வைத்துவிட்டேன். அப்படி எழுதியதுதான் இது.

நான் பிறந்தது கோலார் தங்கவயலில், சுரங்கத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிக்கொடுத்த ஸ்கெலட்டன் லைன் வீட்டில். அப்பாவுக்குச் சுரங்கத்தில் அண்டர்கிரவுண்ட் வேலை. வீட்டில் கடிகாரம் கிடையாது, ஷிப்ட் சங்குதான் எங்களுக்கு மணி. பி.யு.சி. முடித்ததும் பெங்களூரில் டென்டல் ஹைஜீனிஸ்ட் படிப்பில் இடம் கிடைத்தது. மாரிகுப்பத்தில் ரயில் ஏறிப் போய்வந்தே படித்து முடித்தேன். அங்கே கற்றதில் ஒன்று மட்டும் கடைசி நாள்வரை கையில் நின்றது. ஈறுக்கு அடியில் ஒளிந்திருக்கும் காரையைக் கண்ணால் பார்க்காமல், விரல் நுனியிலேயே கண்டுபிடித்துச் சுரண்டி எடுப்பது. மற்றதெல்லாம் ரயிலில் தின்ற வேர்க்கடலையோடு போய்விட்டது.

முதலில் சேர்ந்தது ராபர்ட்சன்பேட்டையில் வயதான பல் டாக்டர் ஒருவரிடம். நல்ல மனுஷர், பூ மாதிரிக் கை. பல் ஆடுகிறது என்று யார் வந்தாலும் "எடுத்துடலாம்பா" என்பார். பேசிக்கொண்டே எடுத்தும் விடுவார். எடுத்தது எடுபட்டவருக்கே தெரியாது. அப்போது அதுதான் வழி. பல்லைத் தாங்கும் எலும்பு ஒருமுறை கரைந்தால் திரும்ப வராது என்று நாங்கள் எல்லோருமே நினைத்திருந்தோம். அவர் ஓய்வு பெற்றபோது அந்தக் கிளினிக்கை வாங்கிக்கொண்டு டாக்டர் சாரதா வந்தார். என் உத்தியோக வாழ்க்கை உண்மையில் அன்றுதான் ஆரம்பித்தது என்று சொல்வேன்.

டாக்டர் சாரதா ஈறு வைத்தியத்துக்கென்றே மேல்படிப்பு படித்தவர், கன்னடக்காரர். வாரத்தில் மூன்று நாள் பெங்களூரிலிருந்து காலை ரயிலில் வருவார். என்னைவிடச் சின்னவர்தான். ஆனாலும் எனக்கு அவர் மேடம், அவருக்கு நான் சிஸ்டர். வந்தபோது தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. பேஷன்ட்களிடமே கற்றுக்கொண்டார். அதனால் அவர் பேசியது அசல் எங்கள் ஊர்த் தமிழ், கன்னட ராகத்தில். கஞ்சி போட்ட காட்டன் புடவையும் மூக்கு நுனியில் கண்ணாடியுமாக நின்றுகொண்டு, "இன்னா தாத்தா, பல்லு தேய்க்காம டபாய்க்கிறியா? குந்து, பாக்கறேன்" என்பார்.

"மேடம், பெரியவங்க. குந்துங்கன்னு சொல்லணும்" என்று நான் காதோரம் சொல்வேன்.

"ஓ, குந்துங்க, குந்துங்க" என்று தாத்தாவைப் பார்த்துக் கைகூப்புவார். அதற்குள் தாத்தாவுக்குப் பாதி வலி போயிருக்கும்.

ஈறுக்கும் பல்லுக்கும் நடுவில் எவ்வளவு ஆழம் பள்ளம் விழுந்திருக்கிறது என்று பார்க்க, மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பி ஒன்று உண்டு. அதை ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் மெதுவாக இறக்கி, பஸ் கண்டக்டர் ஸ்டாப் பெயர் சொல்வது போல அளவைச் சொல்லிக்கொண்டே போவார். நான் குறித்துக்கொள்வேன். "மூணு, ரெண்டு, மூணு" என்றால் குரல் துள்ளும். பெரிய எண் வந்தால் குரல் இறங்கிவிடும், பேஷன்ட்டுக்குக் கேட்கக் கூடாது என்று. யாருக்கும் எதையும் உறுதியாகச் சொல்ல மாட்டார். "சரியாயிடுமா டாக்டர்?" என்று கேட்டால் "நோடோண" என்பார். பார்க்கலாம் என்று அர்த்தம். ஆனால் நல்லது நடந்துவிட்டால் மட்டும் அவருக்கு மறைக்கவே தெரியாது. காது இரண்டும் சிவந்து, கால் நுனியில் எழும்பி நிற்பார், வேலிக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்ப்பவர் மாதிரி.

ஒருநாள் பிரஷர் குக்கர் அளவில் ஒரு மெஷினை ரயிலில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்து இறங்கினார்.

"சிஸ்டர், இனிமே மருந்து கடையில இல்ல. பேஷன்ட் ரத்தத்துல கீது."

டீ குடித்துக்கொண்டே எனக்கு விளக்கினார். நம் ரத்தத்தில் பிளேட்லெட் என்று பொடிப்பொடியான தட்டணுக்கள் இருக்கின்றன. காயம் பட்டால் முதலில் ஓடிவந்து ரத்தத்தை உறைய வைப்பவை அவைதான். அவற்றுக்குள்ளே வளர்ச்சிக் காரணிகள் என்ற புரதங்கள் அடைத்துக் கிடக்கின்றன. ரத்தம் உறையும்போது அவை வெளியே வந்து, சுற்று வட்டாரத்துச் செல்களை எல்லாம் வேலைக்குக் கூப்பிடுகின்றன. சிலது வந்து ரத்தக்குழாய் போடும், சிலது தசை நாரைப் பின்னும், சிலது எலும்பு கட்டும். ரத்தத்தை எடுத்தவுடன் மெஷினில் வேகமாகச் சுற்றினால், அந்தத் தட்டணுக்களில் பெரும்பகுதி ஒரு ஜெல்லிக்குள் வந்து மாட்டிக்கொள்ளும். அந்த ஜெல்லியை எலும்பு கரைந்த பள்ளத்தில் வைத்துத் தைத்தால், உள்ளேயே உட்கார்ந்து சில நாள் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும்.

எனக்குச் சட்டென்று பிடிபட்டது. "ஷிப்ட் சங்கு ஊதுற மாதிரியா மேடம்?"

டாக்டர் டீ கிளாஸை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். காது சிவந்தது. அன்றிலிருந்து எந்தப் பேஷன்ட் கேட்டாலும், "அதை சிஸ்டர் சொல்லுவாங்க" என்று என் பக்கம் கை காட்டிவிடுவார்.

பேஷன்ட்டுக்குச் செய்வதற்கு முன்னால் ஒத்திகை பார்க்க வேண்டும். யாருடைய ரத்தம் என்று பேச்சு வந்தது. டாக்டர் கையை நீட்டினார். "உங்க கைதான் மேடம் மெஷினை ஓட்டணும்" என்று நான் என் கையை நீட்டினேன். ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து எதுவும் இல்லாத கண்ணாடிக் குழாயில் எடுக்க வேண்டும். எடுத்த கையோடு மெஷினில் வைத்துவிட வேண்டும். தாமதித்தால் குழாயிலேயே உறைந்து வீணாகிவிடும். எதிர்ப்பக்கம் எடை சமமாக இருக்க இன்னொரு குழாயும் வைக்க வேண்டும். இதையெல்லாம் சரியாகத்தான் செய்தோம். மெஷினைச் சக்கரம் வைத்த டிராலி மேல் வைத்ததைத்தான் யோசிக்கவில்லை.

ஸ்விட்சைப் போட்டதும் மெஷின் முனகியது. பிறகு உறுமியது. பிறகு டிராலியோடு கிளம்பிவிட்டது.

"மேடம், நிறுத்திடுங்க."

"நிறுத்தினா உங்க ரத்தம் வேஸ்ட், சிஸ்டர். புடிங்க, புடிங்க."

ஆளுக்கு ஒரு பக்கம் டிராலியைப் பிடித்துக்கொண்டு அதன்கூடவே நடந்தோம். என் ஒரு கையில் பஞ்சு, ஊசி குத்திய இடத்தில் அழுத்தியபடி. வயர் எட்டிய தூரம்வரை, அதாவது ரிசப்ஷன் கதவுவரை, இழுத்துக்கொண்டு வந்துவிட்டது. அங்கே காத்திருந்த ஒரு அம்மா எழுந்து நின்றுவிட்டார்.

"இன்னா டாக்டரம்மா, உள்ளே கிரைண்டர் ஓட்றீங்களா?"

டாக்டருக்குச் சிரிப்பு வந்து கை தளர்ந்தது. அவர் சிரித்ததில் நானும் சிரித்து, என் கையும் தளர்ந்தது. டிராலி கதவில் முட்டி நின்று, அங்கேயே நின்றபடி சுற்றி முடித்தது. மூடியைத் திறந்தோம். குழாயின் அடியில் சிவப்பு, மேலே வெளிறிய மஞ்சள் தண்ணீர், நடுவில் மஞ்சள் நுங்கு மாதிரி ஒரு கட்டி. டாக்டர் அதை இடுக்கியால் பிடித்து வெளிச்சத்தில் தூக்கினார். வளைந்தது, நீண்டது, அறுந்துபோகவில்லை.

"நோடி சிஸ்டர், பாருங்க" என்றார், கால் நுனியில் எழும்பி. "எவ்ளோ அழகா கீறீங்க நீங்க."

அதற்கு முன்னும் பின்னும் என்னை யாரும் அப்படிப் பாராட்டியதில்லை.

மெஷின் கிரானைட் மேடைக்குப் போனது. அதன்பின் எத்தனையோ பேருக்குச் செய்தோம். சிலருக்கு நன்றாக வந்தது. சிலருக்குப் பாதிதான். பீடியை விடாதவர்களுக்கு ஏறக்குறைய ஒன்றும் வரவில்லை. எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதில்லை. ஸ்டெல்லாவைச் சொன்னால் போதும்.

ஸ்டெல்லா எங்கள் ஊரிலேயே சாம்பியன் ரீப்ஸ் பக்கத்துப் பெண். முப்பதை எட்டிக்கொண்டிருந்தாள். அப்பா அருளப்பன் கல்யாண பேண்டு வைத்திருப்பவர். சர்ச் கல்யாணம், மாரியம்மன் ஊர்வலம், சாவு, எல்லாவற்றுக்கும் அந்தப் பேண்டுதான் போகும். ட்ரம்பெட் அவர் வாசித்துக்கொண்டிருந்தார். சுரங்கத்தில் கல் அரைக்கும் மில் தூசியில் பல வருடம் வேலை பார்த்ததில் அவருக்கு மூச்சு குறைந்துவிட்டது. அதன்பின் ட்ரம்பெட்டை ஸ்டெல்லா எடுத்துக்கொண்டாள். சிவப்புக் கோட்டும் தொப்பியுமாக அவள் முன்னால் ஊதிக்கொண்டு வருவதைப் பார்க்கவே மாடியிலும் பால்கனியிலும் ஜனம் கூடும். அவள் இருந்தால்தான் பேண்டுக்குக் கிராக்கி.

அவளுக்கு மேல்வரிசை முன்பல் ஒன்று ஆட ஆரம்பித்திருந்தது. பக்கத்துப் பல்லைவிட நீண்டு, கொஞ்சம் விலகியும் இருந்தது. ட்ரம்பெட்டின் வாய்ப்பகுதி உதட்டை அழுத்தும்போது, உதட்டுக்குப் பின்னால் தாங்கிக்கொள்வது இந்த முன்பற்கள்தான். அவை அசைந்தால் சுரம் அசையும்.

"எடுத்துடுங்க டாக்டர்" என்றார் அருளப்பன், உட்காருவதற்கு முன்னாலேயே. "இவங்க அம்மாவுக்கும் இதே வயசுலதான் இதே பல்லு போச்சு. எங்க வீட்டு ராசி அது. எடுத்துட்டு வேற பல்லு கட்டிட்டா வேலை முடிஞ்சிது."

"ஊதப்போறது நானு, நைனா" என்றாள் ஸ்டெல்லா. "நீ சும்மா குந்து."

டாக்டர் கம்பியை இறக்கி அளந்தார். "மூணு, மூணு, ரெண்டு" என்று வந்தவர் அந்தப் பல்லுக்கு வந்ததும் குரலைத் தணித்தார். எனக்கே சரியாகக் கேட்கவில்லை. திரும்பக் கேட்டதும் எட்டு விரலைக் காட்டினார். எக்ஸ்ரேயில் அந்தப் பல்லின் ஒரு பக்கம் எலும்பு, கிணறு வெட்டியது போல இறங்கியிருந்தது. சிலருக்குச் சின்ன வயதிலேயே, குடும்பத்தில் ஓடும் விதமாக இப்படி முன்பல்லிலும் கடைவாய்ப்பல்லிலும் மட்டும் எலும்பு கரையும். அம்மாவுக்குப் போனதும் அதனால்தான். ராசி ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொன்னார்.

"எடுத்துட்டு வேற பல்லு வெக்கலாம்" என்று அருளப்பனிடம் திரும்பினார். "ஆனா எலும்பு இல்லாத எடத்துல அதுவும் நிக்காது. முதல்ல எலும்பு வேணும். எலும்பு வர்றதா இருந்தா, அவ பல்லுக்கே வரட்டுமே."

அருளப்பன் யோசித்தார். "வருமா டாக்டர்?"

"நோடோண."

"நோடோணன்னா?" என்று அவர் என்னைக் கேட்டார். கோலார் தங்கவயலில் பிறந்து வளர்ந்தவர், அர்த்தம் தெரியாமல் இல்லை. வேறு நல்ல அர்த்தம் எதுவும் இருக்கிறதா என்று பார்த்தார்.

முதலில் டாக்டர் மரத்துப்போகும் ஊசி போட்டதும், நான் ஈறுக்கு அடியில் முழுக்கச் சுத்தம் செய்தேன். மாத்திரை கொடுத்தோம். ஆடும் பல்லைப் பின்பக்கமாக மெல்லிய கம்பியால் பக்கத்துப் பற்களோடு சேர்த்துக் கட்டினோம். அதுவரை ஸ்டெல்லா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். அன்றிலிருந்தே, ஆபரேஷன் முடிந்தும் பல மாதம்வரை, ட்ரம்பெட்டை வாயில் வைக்கக் கூடாது என்றதும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள்.

"அப்பால இந்தப் பல்லு எனக்கு எதுக்கு டாக்டர்? ஊதத்தானே கேக்கறேன்."

"ஊதறதுக்குத்தான் ஊதாதேன்றேன்."

"கல்யாண சீசன் வருது. நைனாவால ரெண்டு பாட்டுக்கு மேல ஊத முடியாது. பேண்டு படுத்துடும்."

டாக்டர் மூக்கு நுனிக் கண்ணாடியை மேலே ஏற்றினார். "உங்க பேண்டுல வேற இன்னா வாத்தியம் கீது?"

"பெரிய டிரம் கீது."

"அடி."

ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். நான் டாக்டரைப் பார்த்தேன். வைத்தியமாகத்தான் சொல்கிறார் என்று முகத்தில் தெரிந்தது. அப்படியாக ஸ்டெல்லா அந்த சீசன் முழுக்கப் பெரிய டிரம்மைத் தோளில் மாட்டிக்கொண்டாள். அருளப்பன் ட்ரம்பெட் ஊதினார். இரண்டு பாட்டு ஊதுவார், நடைபாதையில் உட்காருவார், அவருக்கு மூச்சு திரும்பும்வரை டிரம் தனியாக ஓடும். ஸ்டெல்லா இருந்த கோபத்தில் அது என்ன அடி. மார்க்கெட் பக்கம் ஒரு ஊர்வலம் போனபோது கிளினிக்கில் கிளாஸ் கதவு அதிர்ந்தது. டாக்டர் தலை நிமிராமலே, "நம்ம பேஷன்ட்" என்றார். இரண்டு கல்யாண வீட்டார் வேறு பேண்டுக்குப் போய்விட்டார்கள். ஸ்டெல்லா அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் சொன்னபின் நாக்கால் அந்தப் பல்லைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

ஆபரேஷன் அன்று காலை எல்லாம் சரியாகத்தான் இருந்தது. எனக்கு நரம்பு பிடித்து ரத்தம் எடுப்பதில் நல்ல பழக்கம் வந்திருந்தது. ஸ்டெல்லாவின் கை டிரம் அடித்து அடித்து முறுக்கேறியிருந்ததால் நரம்பு முதல் குத்திலேயே கிடைத்தது. குழாய்களை வைத்தேன், மூடினேன், ஸ்விட்சைப் போட்டேன். பாதி சுற்றும்போது கரண்ட் போனது.

மெஷின் பெருமூச்சு விட்டுக்கொண்டே நின்றது. இன்வெர்ட்டர் விளக்கை மட்டும் எரித்தது. மெஷினை இழுக்க அதற்குத் தெம்பில்லை. திறந்து பார்த்தால் குழாயில் எல்லாம் கலங்கலாக, அரைகுறையாக உறைந்துகிடந்தது. டாக்டர் இன்னும் கத்தியை எடுக்கவில்லை, மரத்துப்போகும் ஊசிகூடப் போடவில்லை. கையுறையைக் கழற்றினார்.

"இன்னொரு நாள் பண்ணலாம்மா."

ஸ்டெல்லா மேலே பார்த்தபடி படுத்திருந்தாள். கண்ணோரம் தண்ணீர் காதுக்கு இறங்கியது. "இன்னிக்கு வரணும்னு எத்தனை நாளா மனசைக் கட்டி வெச்சிருக்கேன் தெரியுமா சகுந்தலாக்கா" என்றாள் என்னிடம். "இன்னொரு நாள்னா நான் வர மாட்டேன். எனக்கு என்னைத் தெரியும்."

வெளியே கதவுப் பக்கம் நின்றிருந்த அருளப்பன் காதில் இது விழுந்திருக்கிறது. எட்டிப் பார்த்தபோது ஆளைக் காணோம். கோபித்துக்கொண்டு போய்விட்டார் என்று நினைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் தெருவில் கடகடவென்று சத்தம். ஊர்வலத்துக்கு சீரியல் விளக்குப் போடும் ஆள் ஒருவர் பக்கத்துத் தெருவில் இருந்தார். பேண்டுக்காரர்களுக்கும் அவருக்கும் எப்போதும் சேர்ந்தே வேலை. அவருடைய ஜெனரேட்டர் வண்டியை அருளப்பன் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார். மூச்சு வாங்குகிறது, ஒரு கை வண்டியில், ஒரு கை நெஞ்சில்.

"எவ்ளோ கரண்ட் வேணுமோ எடுத்துக்கோங்க டாக்டர். ஒரு கல்யாணத்தையே நடத்தும் இது."

ஜன்னல் வழியாக வயரை இழுத்தோம். ஜெனரேட்டரைப் போட்டதும் வண்டியில் கட்டியிருந்த விளக்கு வளைவும் சேர்ந்தே எரிந்தது, அதைத் தனியாக அணைக்க வழியில்லை. பட்டப்பகலில் கிளினிக் வாசலில் சிவப்பும் பச்சையுமாக மயில் ஒன்று தோகை விரித்து விரித்து மூடியது. தெருவில் போனவர்கள் நின்று, யாருக்குக் கல்யாணம் என்று கேட்டார்கள். டாக்டர் அதையெல்லாம் பார்க்கவில்லை. கரண்ட் ஏறி இறங்கினால் மெஷின் வேகம் மாறும், வேகம் மாறினால் கட்டி சரியாக வராது. முதலில் வெறும் தண்ணீர்க் குழாய்களை வைத்து ஓட்டச் சொன்னார். மெஷின் மேல் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடி, அதன் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நின்றார். ஓடி முடிந்ததும் தலையாட்டினார்.

"இன்னொரு தடவை ரத்தம் எடுக்கணும், ஸ்டெல்லா" என்றேன்.

"எடுங்கக்கா" என்று கையை நீட்டினாள். "ஸ்டாக் நிறைய கீது."

இரண்டாவது முறை வந்த கட்டி, நான் பார்த்ததிலேயே நல்ல கட்டி. அதை நான் ஈரத் துணிக்கிடையில் பத்திரப்படுத்தி வைத்துக்கொண்டிருக்க, டாக்டர் ஈறை விளிம்பிலிருந்து பிரித்து மெல்ல விலக்கினார். பள்ளத்தில் நிரம்பியிருந்த கெட்டுப்போன சதையைக் கரண்டி முனையால் கொஞ்சம் கொஞ்சமாக வழித்தெடுத்தார். வேரைச் சுத்தமாக்கினார். உப்புத் தண்ணீர் விட்டுக் கழுவி, நான் உறிஞ்சி எடுத்ததும், குனிந்து உள்ளே பார்த்தார். நிமிரவில்லை. வெகுநேரம் பார்த்தார்.

"சிஸ்டர்" என்று கிசுகிசுத்தார். "மூணு பக்கமும் சுவர் நிக்குது."

இது எங்களுக்குத்தான் புரியும். பள்ளத்தைச் சுற்றி எலும்புச் சுவர் மீதமிருந்தால், உள்ளே வைப்பது வழிந்து போகாமல் நிற்கும், சுவரிலிருந்து செல்கள் வந்து சேரும். சுவரே இல்லாத பள்ளத்தில் எதை வைத்தாலும் தங்காது. முகமூடிக்கு மேலே அவர் காது இரண்டும் சிவந்திருந்தன. ஸ்டூலில் உட்கார்ந்திருந்ததால் கால் நுனியில் நிற்க முடியவில்லை, குதிகால் மட்டும் தரையை விட்டு எழும்பியிருந்தது.

கட்டியைக் கத்தரித்து, பாக்கெட்டில் வரும் எலும்புப் பொடியோடு கலந்து பள்ளத்தை நிரப்பினார். இன்னொரு கட்டியை நான் அழுத்தித் துணிபோல மெல்லிசாக்கிக் கொடுத்தேன். அதை மேலே போர்த்தி, ஈறைப் பழைய இடத்துக்கு இழுத்து, தலைமுடி போன்ற நூலால் தைத்தார். பேச முடியாத ஸ்டெல்லா கட்டைவிரலை உயர்த்தினாள். வெளியே மயில் தோகை விரித்துக்கொண்டிருந்தது.

அப்புறம் இருந்ததெல்லாம் காத்திருப்பு. தையல் பிரிக்கும்போது ஈறு வெளிறிய ரோஸ் நிறத்தில் ஒட்டியிருந்தது. ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. பல மாதத்துக்குக் கம்பியை இறக்கி அளக்கவும் கூடாது, புதிதாக ஒட்டுவதைக் குத்திப் பிரித்துவிடும். மாதம் ஒருமுறை ஸ்டெல்லா வருவாள், நான் மேலாகச் சுத்தம் செய்து அனுப்புவேன். அருளப்பன் மட்டும், நான் சொன்ன ஷிப்ட் சங்குக் கதையை நினைவில் வைத்து, வழியில் பார்க்கும்போதெல்லாம், "சங்கு ஊதிட்டே கீதா சிஸ்டர்?" என்று கேட்பார். நான் "ஊதுதுங்க" என்பேன். நம்பிச் சொன்னேனா, அவருக்காகச் சொன்னேனா என்று இன்றும் தெரியவில்லை.

அந்த நாளும் வந்தது. எக்ஸ்ரே எடுத்தோம். டாக்டர் பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். கிணறு இருந்த இடத்தில் வெள்ளையாக எலும்பு ஏறியிருந்தது. முழுக்க இல்லை, ஆனால் முக்கால் கிணறு தூர்ந்திருந்தது. கம்பியை இறக்கினார்.

"மூணு" என்றார். குரல் துள்ளியது. இன்னொரு பக்கம் இறக்கினார். "மூணு. சிஸ்டர், மூணு."

நான் குறிப்பதற்குப் பேனாவைத் தேடினேன், கையிலேயே இருந்தது. ஸ்டெல்லா வாயைத் திறந்தபடியே சிரித்தாள். அப்படி யாரும் சிரித்து நான் பார்த்ததில்லை.

கட்டுக் கம்பியைப் பிரித்தார். ட்ரம்பெட்டை அருளப்பன் பையில் கொண்டுவந்திருந்தார். "மெதுவா ஒரு தடவை" என்று டாக்டர் அனுமதித்தார். ஸ்டெல்லா எழுந்து நின்று, உதட்டில் வைத்து, ஊதினாள். கன்றுக்குட்டி பசிக்குக் கத்துவது போல ஒரு சத்தம் வந்தது. மாதக்கணக்கில் ஊதாத உதடு சுருதியை மறந்துவிட்டிருந்தது. ரிசப்ஷனில் யாரோ "இன்னா ஆச்சு?" என்று ஓடிவந்தார்கள். முதலில் சிரித்தது அருளப்பன்தான். மூச்சு வாங்க வாங்கச் சிரித்தார். ஸ்டெல்லா அவர் தோளில் ட்ரம்பெட்டாலேயே ஒரு இடி இடித்து, தானும் சிரித்தாள்.

உதடு பழகச் சில வாரம் ஆனது. பிறகு சாம்பியன் ரீப்ஸில் ஒரு சர்ச் கல்யாணம், ஸ்டெல்லா திரும்ப முன்னால் நிற்கும் முதல் கல்யாணம். எங்களையும் வரச் சொல்லியிருந்தார்கள். டாக்டர் அவருக்கு விடுமுறை நாள் என்றும் பார்க்காமல் ரயிலேறி வந்துவிட்டார்.

காலை பூசை முடிந்து மாப்பிள்ளையும் பெண்ணும் படியிறங்கினார்கள். சிவப்புக் கோட்டில் ஸ்டெல்லா தலையை நிமிர்த்தி ஊத ஆரம்பித்தாள். சத்தம் நேராக, உறுதியாக, எதிர்த் தெருவுக்கும் போய் வந்தது. மாடியில் பெண்கள் கூடினார்கள். எனக்கு உடம்பு சிலிர்த்தது. டாக்டர் மட்டும் பாட்டைக் கேட்கவில்லை. கழுத்தை நீட்டி நீட்டி, அவள் மேலுதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பாட்டு முடிந்ததும் ஸ்டெல்லா வரிசையை விட்டு எங்களிடம் ஓடிவந்தாள். டாக்டர் கைப்பையிலிருந்து ஒரு கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"காட்டு."

நடுத்தெருவில் ஸ்டெல்லா வாயைத் திறந்தாள். மாப்பிள்ளை வீட்டார் நின்று பார்த்தார்கள். டாக்டர் அந்த முன்பல்லை முன்னும் பின்னும் அழுத்தினார். விரலை எடுத்தார்.

"இன்னா சொல்றாங்க?" என்று அருளப்பன் என்னைக் கேட்டார்.

டாக்டரே பதில் சொன்னார். "ஆடல."

அருளப்பன் திரும்பி டிரம்காரரைப் பார்த்துக் கையை உயர்த்தினார். டிரம் விழுந்தது. ஸ்டெல்லா ட்ரம்பெட்டை எடுத்தாள், எங்கள் ஊரில் குத்தாட்டத்துக்கென்றே ஊதுவார்களே, அந்த மெட்டு. கஞ்சி போட்ட காட்டன் புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு டாக்டர் சாரதா கூட்டத்துக்குள் இறங்கினார். என் கையையும் இழுத்தார்.

பல் ஆடவில்லை. ஒரு கையில் கையுறையைக் கழற்ற மறந்தபடி, டாக்டர்தான் ஆடினார்.